பழவேற்காடு ஏரியில் வேட்டை விதிகள்

பழவேற்காடு ஏரியிலும் அதன் கரையோர ஊர்களிலும் பறவைகளையும் விலங்குகளையும் வேட்டையாடுவது, இந்திய நாடாளுமன்றம் இயற்றிய வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 என்பதன் கீழ் தடை செய்யப்பட்டுள்ளது. இந்த ஏரி ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களிலும் அமைந்துள்ளது. ஆந்திரப் பகுதி 1976 ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் பரப்பு 1980 ஆம் ஆண்டிலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

தமிழ்நாட்டில் வேட்டை உரிமம் பெறுவது எப்படி என்று கேட்போருக்கு உரிய விடை மிகச் சுருக்கமானது. பொழுதுபோக்குக்காகவோ இறைச்சிக்காகவோ வேட்டையாடுவதற்கு இன்று எந்த அலுவலகத்திலும் உரிமம் வழங்கப்படுவதில்லை. ஆயினும் ஒரு காலத்தில் அத்தகைய உரிமம் இருந்தது. அது எவ்வாறு இருந்தது, ஏன் மறைந்தது, எஞ்சியிருக்கும் சில அனுமதிகள் யாருக்கு உரியவை என்பவை அறியத்தக்கன. பறவைகளோடு ஒரே நீரில் பிழைக்கும் மீனவருக்கும் இருளருக்கும் இவ்விதிகள் அன்றாட வாழ்க்கையைத் தொடுபவை.

வேட்டை என்பதன் சட்டப் பொருள்

பேச்சு வழக்கில் வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவதையே பலரும் நினைப்பர். சட்டம் அச்சொல்லை மிக விரிவான பொருளில் ஆள்கிறது. விலங்கைக் கொல்லுதல், நஞ்சிடுதல், வலை அல்லது கண்ணி வைத்துப் பிடித்தல், துரத்துதல், இரை காட்டி இழுத்தல் ஆகிய அனைத்தும், இவற்றுக்கான முயற்சியும் வேட்டையே ஆகும். பறவைகள், ஊர்வன ஆகியவற்றைப் பொறுத்தவரை முட்டைகளைச் சேதப்படுத்துதலும், முட்டைகளையோ கூட்டையோ கலைத்தலும் கூட வேட்டையில் அடங்கும்.

எனவே ஏரிக்கரைச் சேற்றில் உள்ளானுக்குக் கண்ணி வைக்கும் சிறுவனும், கடற்கரை மணலில் ஆமை முட்டையைத் தோண்டி எடுப்பவரும் சட்டத்தின் பார்வையில் வேட்டைக்காரர்களே. கண்ணியில் எதுவும் விழவில்லை என்பது தப்பும் வழி ஆகாது. பிடித்தவரிடமிருந்து காட்டுப் பறவையின் இறைச்சியை விலைக்கு வாங்குவதும் தனிக் குற்றமாகும். கடைகளில் விற்கப்படும் காடை பெரும்பாலும் பண்ணைகளில் வளர்க்கப்படும் சப்பானியக் காடை. வயல்வெளிகளில் வாழும் காடையோடு அதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வரலாறு

சென்னை மாகாணத்தின் தொடக்க கால வேட்டைச் சட்டங்கள் யானையையும் மலை விலங்குகளையுமே கருத்தில் கொண்டன. 1873 இல் காட்டு யானைகளைக் காக்கும் சட்டமும், 1879 இல் நீலகிரி வேட்டை விலங்குகள் மற்றும் மீன்கள் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. நீலகிரியில் 1877 இல் வேட்டையர்களே கூடி நீலகிரி வேட்டைச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். சுடுவதற்கு விலங்குகள் எஞ்சியிருக்க வேண்டும் என்ற கவலையே அதற்குக் காரணம். இன்று அச்சங்கத்தின் வழிவந்த அமைப்பு இயற்கைப் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டுள்ளது. 1882 ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஒதுக்குக் காடுகளுக்குள் வேட்டையையும் கண்ணி வைத்தலையும் கட்டுப்படுத்தியது. பழவேற்காடு போன்ற திறந்த நீர்நிலைகள் இவற்றில் எதற்குள்ளும் அடங்கவில்லை.

நீர்ப்பறவைகளைத் தொட்ட சட்டம் 1887 இல் வந்த காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டமும், அதற்குப் பதிலாக 1912 இல் இயற்றப்பட்ட காட்டுப் பறவைகள் மற்றும் விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும் ஆகும். 1912 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் வாத்து, கொக்கு, நாரை, மீன்கொத்தி, பனங்காடை, கௌதாரி, மயில் முதலியன இடம்பெற்றிருந்தன. இச்சட்டம் வேட்டையைத் தடை செய்யவில்லை. குறிப்பிட்ட மாதங்களை மூடுகாலம் என அறிவிக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு அளித்தது. அக்காலத்தில் கொல்வது மட்டுமன்றி, புதிதாகக் கொல்லப்பட்ட பறவையை விற்பதும் குற்றமாகும். முதல் குற்றத்துக்குத் தண்டம் 50 ரூபாய் வரை மட்டுமே.

மூடுகாலம் என்ற கருத்து இனப்பெருக்கக் காலத்தை அடிப்படையாகக் கொண்டது. பழவேற்காட்டில் அது பாதி அளவே பொருந்தும். இங்கே திரளும் வாத்துகளும் உள்ளான்களும் பெரும்பாலும் வடக்கே, மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் முட்டையிடுபவை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வந்து, கோடை தொடங்கும்போது திரும்பிவிடுபவை. இவற்றின் இனப்பெருக்கக் காலத்தில் வேட்டையைத் தடுத்தால், அவை ஏரியிலேயே இல்லாத மாதங்களில் தடுத்ததாக முடியும்.

சட்டத்துக்கு வெளியேயும் பாதுகாப்பு இருந்தது. பொன்னேரியும் பழவேற்காடும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே வேடந்தாங்கல் உள்ளது. அவ்வூர் மக்கள், தங்கள் ஏரியில் தங்கும் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டதை எதிர்த்து முறையிட்டு, 1798 இல் ஆட்சியர் லயோனல் பிளேசிடம் பறவைகளைக் காப்பதற்கான ஆணையைப் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். பழவேற்காட்டில் அத்தகைய ஆணை எதுவும் அறியப்படவில்லை. உவர்நீர் வயலுக்குப் பாயாது என்பதால் இங்கு உழவருக்கும் பறவைக்கும் அந்த உறவு ஏற்பட இடமில்லை.

உரிமம் இருந்த காலம் (1972 - 1991)

1972 ஆம் ஆண்டுச் சட்டமே நாடு முழுவதற்கும் ஒரே அடிப்படையை வகுத்தது. ஆனால் அது முதலில் முழுத்தடை விதிக்கவில்லை என்பதைப் பலர் அறியார். முதல் அட்டவணையில் இருந்த விலங்குகளை மட்டும் எவரும் வேட்டையாடக் கூடாது. இரண்டாம், மூன்றாம், நான்காம் அட்டவணைகள் முறையே சிறப்பு வேட்டை விலங்குகள், பெரு வேட்டை விலங்குகள், சிறு வேட்டை விலங்குகள் என்று பெயரிடப்பட்டிருந்தன. இம்மூன்றுக்கும் தனித்தனி உரிமமும், உயிருடன் பிடிப்பதற்கு நான்காவதாக ஓர் உரிமமும் இருந்தன. விண்ணப்பத்தைத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடமோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரிடமோ அளிக்க வேண்டும். உரிமம் பெற்றவர் தாம் கொன்ற அல்லது பிடித்த விலங்குகளின் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும்.

உரிமத்தோடு வந்த கட்டுப்பாடுகள் நீண்டவை. ஊர்தியில் இருந்து சுடக் கூடாது. சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை வேட்டை கூடாது. நஞ்சும் வெடியும் கூடாது. குட்டிகளையும் பெண் விலங்குகளையும் தனி அனுமதி இன்றிக் கொல்லக் கூடாது. மூடுகாலத்தில் வேட்டை கூடாது. நீர் அருந்தும் இடத்தில் காத்திருந்து கொல்வதும், நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதும் தடுக்கப்பட்டிருந்தன. ஆயினும் இவ்விரு விதிகளிலும் நீர்ப்பறவைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. நீரிலேயே வாழும் பறவையை நீர்நிலைக்கு அப்பால் எங்கே தேடுவது என்ற நடைமுறை எண்ணமே காரணமாக இருக்கலாம். ஏரி சரணாலயமாக அறிவிக்கப்படும் வரை, வாத்து வேட்டைக்கு இவ்விலக்கு வசதியாகவே இருந்திருக்கும்.

1991 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இந்த அமைப்பு முழுவதையும் நீக்கியது. அவ்வாண்டு அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஒன்பதாம் பிரிவு, முதல் நான்கு அட்டவணைகளில் உள்ள எந்த விலங்கையும் வேட்டையாடக் கூடாது எனக் கூறியது. உரிமம், பதிவேடு, மூடுகாலம், வேட்டைக் கட்டுப்பாடுகள் ஆகிய பிரிவுகள் தேவையற்றுப் போயின. எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால், காகம் ஆகியவை மட்டும் ஐந்தாம் அட்டவணையில் தீங்குயிரிகளாகத் தொடர்ந்தன. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் (2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை) அந்த அட்டவணையையும் நீக்கியது. விலங்குகளுக்கான அட்டவணைகளை இரண்டாகக் குறைத்து, மூன்றாவதைத் தாவரங்களுக்கும் நான்காவதைப் பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் அடங்கும் உயிரினங்களுக்கும் ஒதுக்கியது.

எஞ்சியுள்ள அனுமதிகள்

பிரிவு 11, பிரிவு 12 ஆகிய இரண்டின் கீழ் மட்டுமே இன்று அனுமதி வழங்க முடியும். இவற்றைப் பொதுவழக்கில் வேட்டை உரிமம் என அழைப்பது பொருந்தாது.

பிரிவு 11 ஆபத்தான விலங்குகளைப் பற்றியது. முதல் அட்டவணை விலங்கு ஒன்று மனித உயிருக்கு ஆபத்தாகவோ மீட்க முடியாத நோயுற்றோ இருந்தால், அதைப் பிடிக்கவும் மயக்கவும் இடம் மாற்றவும் இயலாத நிலையில், தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து மூலம் காரணம் காட்டிக் கொல்ல அனுமதிக்கலாம். ஏனைய அட்டவணை விலங்குகளுக்குப் பயிர் உள்ளிட்ட உடைமைச் சேதமும் போதிய காரணமாகும். தன்னுயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொன்றால் அது குற்றமாகாது. ஆனால் கொன்றவர் அப்போது வேறொரு வனக் குற்றத்தில் ஈடுபட்டிருந்தால் இப்பாதுகாப்பு கிடைக்காது. கொல்லப்பட்ட விலங்கு அரசின் சொத்தாகும்.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி தமிழ்நாட்டில் நெடுநாள் சிக்கல். 2025 சனவரியில் அறிவிக்கப்பட்ட மாநில அரசின் முறைப்படி, காப்புக் காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட முடியாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். உழவருக்குச் சுடும் உரிமை இதில் தரப்படவில்லை.

பிரிவு 12 கல்வி, அறிவியல் ஆய்வு, அறிவியல் மேலாண்மை, விலங்குக் காட்சியகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் மாதிரிகள் சேர்த்தல், உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு எடுத்தல் ஆகிய நோக்கங்களுக்கு உரியது. முதல் அட்டவணை விலங்குக்கு நடுவண் அரசின் முன் இசைவும், பிறவற்றுக்கு மாநில அரசின் முன் இசைவும் வேண்டும். பறவைகளை வலையில் பிடித்துக் காலில் வளையமிடும் ஆய்வும் சட்டப்படி வேட்டையே என்பதால் இந்த அனுமதி இன்றிச் செய்ய இயலாது. கோடியக்கரையில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய வளையமிடும் பணியில், பீகாரின் மரபுவழிப் பறவை பிடிப்பவர்களான மீர்சிகார்களின் கைத்திறன் பெரிதும் பயன்பட்டது.

தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அதிகாரம் அவரவர் மாநிலத்துக்குள் அடங்கும். ஆகவே தமிழ்நாட்டில் பெற்ற ஆய்வு அனுமதியுடன் படகில் வடக்கே சென்று, தடா அல்லது சூளூர்ப்பேட்டை அருகே பறவை பிடிக்க முடியாது. ஏரி நீரில் மாநில எல்லையைக் காட்டும் கோடு ஏதும் இல்லாததால் இது ஏட்டளவில் தோன்றுவதைவிடச் சிக்கலானது.

துப்பாக்கி உரிமமும் வேட்டையும்

1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின்படி மாவட்ட நிர்வாகம் வழங்கும் துப்பாக்கி உரிமம், ஆயுதத்தை வைத்திருப்பதற்கு மட்டுமே உரியது. பயிர்ப் பாதுகாப்புக்கென வழங்கப்படும் உரிமமும் விலங்கைக் கொல்லும் அனுமதி அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது பரவலாகக் காணப்படும் தவறாகும்.

சரணாலயத்தைச் சுற்றி வாழ்வோருக்குக் கூடுதல் கடமை உண்டு. சரணாலயத்துக்குள்ளும் அதிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும் வசிக்கும் ஆயுத உரிமதாரர்கள் தம் பெயரைத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். இந்த எல்லைக்குள் புதிய ஆயுத உரிமம் வழங்க அவருடைய முன் இசைவு தேவை. ஏரிக்கரை மீனவ ஊர்கள் அனைத்தும் இந்த எல்லைக்குள் வருகின்றன. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதத்துடன் நுழைவதே குற்றம். சுட்டதை மெய்ப்பிக்க வேண்டிய தேவை இல்லை.

தண்டனை

சட்டத்தை மீறுவோருக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். குற்றம் முதல் அட்டவணை விலங்கு தொடர்பானதாகவோ சரணாலயத்துக்குள் நடந்த வேட்டையாகவோ இருந்தால், குறைந்தது மூன்று ஆண்டுகளும் கூடியது ஏழு ஆண்டுகளும் சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் உண்டு. இவ்வாறு குறைந்தபட்சச் சிறை வகுக்கப்பட்ட குற்றங்களைப் பணம் கட்டி இணக்கமாக முடித்துக்கொள்ளவும் முடியாது. வயல் வரப்பில் ஒரு கொக்கைப் பிடிப்பதற்கும் சரணாலய எல்லைக்குள் அதே கொக்கைப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மீன்பிடிப்பும் வேட்டையும்

சட்டத்தில் விலங்கு என்ற சொல் மீனையும் முதுகெலும்பற்ற உயிர்களையும் உள்ளடக்கும். ஆனால் காட்டு விலங்கு எனப்படுவது அட்டவணைகளில் இடம்பெற்ற இனங்கள் மட்டுமே. ஏரியில் கிடைக்கும் மடவை, கொடுவா, இறால், நண்டு ஆகியவை அட்டவணையில் இல்லாததால் அவற்றைப் பிடிப்பது வேட்டை ஆகாது. கடலுக்குச் செல்வோர் கவனிக்க வேண்டிய இனங்கள் உள்ளன. கடலாமைகள், ஓங்கில்கள், கடற்பசு ஆகியவற்றோடு, திமிங்கலச் சுறா, வேளா மீன், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியனவும் 2001 இல் பாதுகாப்புப் பெற்றன. அவ்வாண்டு சூலையில் எல்லாச் சுறா, திருக்கை இனங்களும் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, மீனவரின் எதிர்ப்பை அடுத்து டிசம்பரில் பத்து இனங்களாகக் குறைக்கப்பட்டன.

பங்குனி ஆமை எனப்படும் சிற்றாமை சனவரி முதல் இக்கரையோரம் முட்டையிட வருகிறது. இழுவலையில் சிக்கி மூச்சுத் திணறி இறந்து ஒதுங்கும் ஆமைகள் ஆண்டுதோறும் சென்னைக்கு வடக்கிலும் தெற்கிலும் காணப்படுகின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடை (2017 முதல் 61 நாட்கள்) மீன்வளத்தைக் கருதியது. ஆமைகள் கரைக்கு வரும் மாதங்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே கழிந்துவிடுகின்றன.

சரணாலயத்துக்குள் மீன்பிடிக்கும் உரிமை வேறொரு கேள்வி. சரணாலயம் அறிவிக்கப்படும்போது அங்கே முன்பே நிலவும் உரிமைகளை மாவட்ட ஆட்சியர் விசாரித்துத் தீர்க்க வேண்டும். தலைமை வனவிலங்குக் காப்பாளரைக் கலந்து அவ்வுரிமைகளைத் தொடர அனுமதிக்கவும் 24 ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஏரியை நம்பி வாழும் ஊர்களுக்கு, எந்தப் பறவையைச் சுடக் கூடாது என்பதைவிட இந்த உரிமை விசாரணையே பெரிய செய்தி.

பாடு முறை

எழுதப்பட்ட சட்டம் வருமுன்பே ஏரியில் தொழில் செய்வதற்கு விதிகள் இருந்தன. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் பின்பற்றும் பாடு முறை அவற்றுள் அறியப்பட்டது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் பிடிக்கும் இடங்கள் வரையறுக்கப்பட்டு, சீட்டுக் குலுக்கி உரியவர்களுக்குப் பகிரப்படும். யார், எந்த நாளில், எந்த இடத்தில், எந்த வலையுடன் இறங்கலாம் என்பது ஊர்க் கூட்டத்தில் முடிவாகும். மீறினால் ஊர் தண்டம் விதிக்கும். அரசு ஏடுகளில் உரிமம் எனப்படுவதன் பணி அனைத்தையும் இம்முறை செய்கிறது எனலாம். இதன் மறுபக்கம், உறுப்பினர் அல்லாத பிற சமூகத்தினர் அந்த நல்ல இடங்களுக்கு வெளியே நிற்க வேண்டியிருப்பதாகும்.

இருளரும் நரிக்குறவரும்

ஏரியின் ஆழமற்ற சேற்றுநீரில் இருளர் கையால் தடவி இறால் பிடிப்பர். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரு கைகளையும் நீருக்குள் செலுத்துவது அவர்கள் வழக்கம். வலையும் படகும் இல்லாத இத்தொழிலுக்குத் தடை இல்லை. ஆனால் அவர்களுடைய மற்றொரு மரபுத் தொழிலான பாம்பு பிடித்தல் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பின்னர் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டதாலும் நின்றுபோனது.

அதற்கு மாற்றாக 1978 இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. இதற்கு உரோமுலசு விட்டேக்கர் துணைநின்றார். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் பிடித்து, சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்தே பாம்புக்கடி மருந்து தயாரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் வேட்டைத் திறனுக்கு முறையான அனுமதி தரப்படும் எடுத்துக்காட்டு ஒன்றைத் தேடினால் இதுவே கிடைக்கும். அனுமதி தாமதமாகும் ஆண்டில் இவர்களின் வருவாயும் நாட்டின் நஞ்சு முறி மருந்து உற்பத்தியும் ஒருசேரத் தடைபடும். 2023 இல் இச்சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

நரிக்குறவருக்கு அத்தகைய மாற்று அமையவில்லை. நாட்டுத் துப்பாக்கியாலும் கண்ணியாலும் சிறு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடி வந்த அவர்களுள் பெரும்பாலோர் ஊசி மணி, பாசி மணி விற்பனைக்கு மாறினர். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தம் அவர்களைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் பழங்குடியினர் என்ற நிலை வேட்டை உரிமையைத் தராது. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மரபுவழி உரிமைகளை ஏற்கும்போதே, வேட்டையாடுவதையும் கண்ணி வைப்பதையும் வெளிப்படையாக விலக்கி வைத்துள்ளது.

பிற நாடுகளில்

உரிமம் பெற்று வேட்டையாடும் முறை பல நாடுகளில் தொடர்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் வேட்டை உரிமம் வழங்குகிறது. பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும். 16 வயதும் அதற்கு மேலும் ஆன வாத்து வேட்டைக்காரர்கள், 1934 ஆம் ஆண்டுச் சட்டப்படி நடுவண் அரசின் வாத்து முத்திரைத் தாளையும் ஆண்டுதோறும் வாங்க வேண்டும். அந்த வருவாயின் பெரும்பகுதி சதுப்பு நிலங்களை வாங்கிக் காக்கச் செலவிடப்படுகிறது. இந்தியாவில் இதைப் போன்ற வருவாய் வழி இல்லை. பழவேற்காட்டுக்கு வரும் பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் காக்கும் செலவு அரசு நிதியிலிருந்தே வருகிறது. பறவை காண வருவோர், மீனவர் ஓட்டும் படகுக்குத் தரும் கூலி அவ்வூர்களுக்குச் சிறிதளவு வருவாயாகிறது.